எதற்கு எவ்வளவு?

துவரம்பருப்பு முக்கால் கிலோ பொட்டலம் 138 ரூபாய். அதே கம்பெனியின் அரைக் கிலோ பொட்டலம் 90 ரூபாய். எதை எடுப்பீர்கள்? பெரும்பாலோர் கை பெரியதற்குத்தான் போகும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். முக்கால் கிலோ 138 என்றால் கால் கிலோ 46, கிலோ 184. அரைக் கிலோ 90 என்றால் கிலோ 180. இங்கே சின்னதுதான் மலிவு.

இந்த அத்தியாயத்தில் வரும் கணக்கு முழுவதும் இவ்வளவுதான்: ஒன்றை இன்னொன்றால் வகுப்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை, கைபேசியில் கால்குலேட்டரும் இருக்கிறது. ஆகவே வகுப்பதில் யாரும் தவறுவதில்லை. எதால் வகுப்பது என்பதில்தான் காசு போகிறது. விலையைக் கடைக்காரர் பெரிய எழுத்தில் எழுதிவிடுவார். அது எதற்கான விலை, எடைக்கா, தேறும் கறிக்கா, நாளுக்கா என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடை அடுக்கின் முன்னால்

நின்ற இடத்திலேயே கணக்குப் போட நம் ஊர்ப் பின்னங்கள் நன்றாக உதவும். 750 கிராம் என்று பார்க்காதீர்கள், முக்கால் என்று பாருங்கள்: மூன்றால் வகுத்து நாலால் பெருக்கினால் கிலோ விலை. 125 கிராம் என்பது அரைக்கால், எட்டால் பெருக்கினால் தீர்ந்தது. 375 கிராம் அதன் மூன்று மடங்கு, அதாவது எட்டுப் பொட்டலம் சேர்ந்தால் மூன்று கிலோ. 375 கிராம் 90 ரூபாய் என்றால் எட்டுக்கு 720, மூன்றால் வகுத்தால் கிலோ 240. இதற்குள் அடங்காத 340, 420 போன்ற எடைகளுக்கு நூறு கிராமுக்கு எவ்வளவு என்று பார்ப்பதே சுலபம். 420 கிராம் 105 ரூபாய் என்றால் 105-ஐ 4.2-ஆல் வகுக்க, நூறு கிராம் 25 ரூபாய்.

இந்த வேலையை நமக்காகச் செய்துகொடுக்கச் சட்டமே இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகளை மத்திய அரசு 2021-இல் திருத்தியது. அதன்படி பொட்டலத்தின் மேல் அலகு விலையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு எவ்வளவு. பொட்டலத்தைத் திருப்பினால் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘யு.எஸ்.பி.’ என்று போட்டு ஒரு எண் இருக்கும். அதுதான் இது.

நல்ல ஏற்பாடு, ஆனால் இரண்டு ஓட்டை உண்டு. ஒன்று, அந்த எண்ணைப் பைசாவோடு முடித்துவிடுகிறார்கள். நம் துவரம்பருப்பில் முக்கால் கிலோவுக்கு ஒரு கிராம் 0.184 ரூபாய், அரைக் கிலோவுக்கு 0.18. இரண்டின் மேலும் 0.18 என்றே அச்சாகும். கிலோவுக்கு நாலு ரூபாய் வித்தியாசம் அச்சில் காணாமல் போய்விடும். இரண்டு, அது எம்.ஆர்.பி.யை வகுத்து வந்த எண். கடையில் தள்ளுபடி போட்டிருந்தால் அதைப் பார்த்துப் பயனில்லை. பில்லில் வரப்போகும் விலையை நீங்களே வகுக்க வேண்டும்.

எண்ணெயில் இன்னொரு சிக்கல். ஒரு பாக்கெட் லிட்டரில் இருக்கும், அடுத்தது கிராமில் இருக்கும். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் ஏறக்குறைய 910 கிராம்தான் நிற்கும். லிட்டர் பாக்கெட் 164 ரூபாய், பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கும் 850 கிராம் பாக்கெட் 158 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ரூபாய் குறைவு என்று கை நீளும். 164-ஐ 0.91-ஆல் வகுத்தால் கிலோ 180. 158-ஐ 0.85-ஆல் வகுத்தால் கிலோ 186. பாக்கெட்டின் உயரத்தை நம்பாதீர்கள், எடையைப் படியுங்கள்.

பிஸ்கட்டுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பத்து ரூபாய்ப் பாக்கெட் பத்து ரூபாயாகவே இருக்கும், உள்ளே கிராம் குறையும். விலை ஏறியது தெரிய வேண்டுமானால் போன வருடத்து உறையைத்தான் எடுத்துவைத்திருக்க வேண்டும்.

தேறுவது எவ்வளவு?

மீன் மார்க்கெட்டில் பேரம் நடப்பது முழு மீனின் எடைக்கு. குழம்பில் கொதிப்பது அந்த எடை இல்லை. “கிலோ நானூறு, எடுத்துக்கங்கண்ணே, ஐஸ் வைக்காத எறா” என்று கூப்பிடும் அக்காவிடம் வாங்கி, தலையும் ஓடும் போக வீட்டில் எடை போட்டுப் பாருங்கள். பாதிதான் தேறியது என்றால் நீங்கள் சாப்பிடும் இறால் கிலோ 800 ரூபாய். பக்கத்துத் தட்டில் உரித்த இறாலைக் கிலோ 700 என்று சொன்னபோது “அநியாய விலை” என்று நகர்ந்து வந்திருப்பீர்கள். இரண்டும் ஒரே நாள் இறாலாக இருந்தால் மலிவானது அதுதான், உரிக்கிற வேலையும் மிச்சம்.

தேறும் விகிதம் மீனுக்கு மீன் மாறும். தலை பெருத்த மீனில் கழிவு அதிகம். வஞ்சிரம் போன்றதில் குறைவு, அதனால் அதன் விலை உயரமாகத் தெரிந்தாலும் தட்டுக்கு வரும்போது இடைவெளி கொஞ்சம் சுருங்கும். நீங்கள் வழக்கமாக வாங்கும் நாலைந்து மீனுக்கு ஒரே ஒரு முறை சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்து, அடுப்படி நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துவைத்தால் போதும். பிறகு மார்க்கெட்டில் சொல்லும் விலையை அந்தப் பின்னத்தால் வகுத்துக்கொள்ளலாம். பாதி தேறினால் விலை இரட்டிப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேறினால் ஒன்றரை மடங்கு. முக்கால் தேறினால் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

கோழிக் கடைப் பலகையில் இந்தக் கணக்கைக் கடைக்காரரே போட்டு வைத்திருப்பார்: உயிர்க்கோழி ஒரு விலை, கறி ஒரு விலை. உயிர் கிலோ 130 என்று இரண்டு கிலோ கோழி வாங்கினால் 260 ரூபாய். உரித்து வெட்டியபின் 1.3 கிலோ நின்றால் கறி கிலோ 200 ஆகிறது. பலகையில் கறி 220 என்றால் அந்த இருபது ரூபாய் உரிக்கிற கூலி, கழிவைத் தூக்கிப்போடுகிற செலவு. நியாயமா இல்லையா என்று இனி நீங்கள் சொல்லலாம். முன்பு சொல்ல முடிந்திருக்காது.

நகைக் கடையிலும் இதே கேள்வியைத்தான் வேறு வேடத்தில் சந்திக்கிறோம். ஒரு கடை “சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை” என்கிறது. எதிர்க் கடை “சேதாரம் 8 சதவீதம்தான்” என்று பெரிதாக எழுதிவிட்டுச் செய்கூலி கிராமுக்கு 500 வாங்குகிறது. கணக்குக்காகத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். முதல் கடையில் கிராமுக்கு மேல்செலவு 1,200. இரண்டாவதில் 800-ம் 500-ம் சேர்ந்து 1,300. எட்டுக் கிராம் கொண்ட ஒரு சவரனுக்கு 800 ரூபாய் வித்தியாசம். எல்லாவற்றையும் ‘கிராமுக்கு மேல்செலவு எவ்வளவு’ என்ற ஒரே கேள்விக்குள் கொண்டுவந்துவிட்டால் விளம்பரப் பலகைகள் வாயடைத்துப் போகும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டார்களா என்பதையும் பில்லில் பாருங்கள்.

பங்கும் மொத்தமும்

விகிதத்தில் தடுமாற்றம் எங்கே வரும் என்று காட்ட இட்லி மாவு போதும். அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று. மூன்று ஆழாக்கு அரிசிதான் இருக்கிறதா, முக்கால் ஆழாக்கு உளுந்து போடுங்கள். இதுவரை யாரும் தவறுவதில்லை. “மொத்தம் பத்து ஆழாக்கு ஊறப்போடணும், பிரித்துக் கொடு” என்றால்தான் தடுமாற்றம். ஒன்றுக்கு நாலு என்பதைக் கால் என்று எடுத்துக்கொண்டு இரண்டரை ஆழாக்கு உளுந்தை அளந்துவிடுவோம். உளுந்து அரிசியில்தான் கால். மொத்தத்தில் அது ஐந்தில் ஒன்று. எட்டு அரிசி, இரண்டு உளுந்து என்பதே சரி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஏற்றாற்போல் எல்லாமும் பெருகாது. இருபது பேருக்கான மாவை நூறு பேருக்கு ஐந்தால் பெருக்கலாம், புளிக்கிற நேரத்தை ஐந்தால் பெருக்க முடியாது. உப்பும் காரமும் கணக்குப்படி முழுவதையும் கொட்டக் கூடாது, முக்காலைப் போட்டுவிட்டு ருசி பார்த்துத்தான் மீதி. கல்யாணச் சமையல் மாஸ்டர்கள் அரிசிக்கும் பருப்புக்கும் பட்டியல் கொடுப்பார்கள், உப்பைத் தங்கள் கையாலேயே போடுவார்கள்.

ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று

வீடு கட்டுகிறவர் ஆயுளில் ஒரே ஒரு முறை சந்திக்கும் விகிதம் இது. பணமும் அதிகம், பிறகு திருத்தவும் முடியாது. ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தளத்துக்குப் போடும் எம் 20 கான்கிரீட் என்றால் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு. சுவர் கட்ட ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது நாலு என்பது கட்டட வேலையில் அன்றாடம் புழங்கும் அளவு. கொத்தனாரைக் கேட்டால், “ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணுதான் சார், சந்தேகம்னா நின்னு பாத்துக்கங்க” என்பார். சரி, நின்று எதைப் பார்ப்பது?

முதலில் சட்டியைப் பாருங்கள். இந்தப் பங்குகள் எடையில் சொன்னவை அல்ல, கொள்ளளவில் சொன்னவை. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர், கன அடியில் ஒன்றேகால். ஒரு மூட்டையைப் பிரித்துச் சட்டியில் தலைதட்டி அளக்கச் சொல்லுங்கள். மூன்று சட்டி வந்தால் அந்தச் சட்டிக்கு மணல் நாலரை, ஜல்லி ஒன்பது. ஆனால் நடைமுறையில் சிமெண்ட்டை யாரும் அளப்பதில்லை, மூட்டையாகக் கொட்டுவார்கள். மணலும் ஜல்லியும்தான் சட்டியில் வரும், அதுவும் தலைதட்டி வராது, கோபுரமாகக் குவித்து வரும். ஒவ்வொரு சட்டியிலும் கால் பங்கு குவியல் ஏறினால் ஒன்பது சட்டி ஜல்லி பதினொன்றேகால் சட்டி ஆகிவிடும். சித்தாளும் ஏமாற்றவில்லை, கொத்தனாரும் பொய் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாக இருக்கும், விகிதம் போயிருக்கும்.

இரண்டாவது, மணலின் ஈரம். ஈர மணல் உப்பும். லேசான ஈரத்தில் அதன் கொள்ளளவு இருபது, முப்பது சதவீதம்கூடக் கூடிவிடும். காய்ந்த மணலும் தண்ணீரில் முழுக்க மூழ்கிய மணலும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் அடைக்கும், நடுவில் இருக்கும் ஈரத்தில்தான் இந்த உப்பல். சோதிக்க ஒரு கண்ணாடி ஜாடி போதும். ஈர மணலை அழுத்தாமல் இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குப் போடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடங்க விடுங்கள். மணல் பதினாறு சென்டிமீட்டருக்கு இறங்கினால் பதினாறு இருபதாக உப்பியிருந்தது என்று பொருள், நாலுக்கு ஐந்து. அந்த மணலில் நாலு சட்டி போடவேண்டிய இடத்தில் ஐந்து சட்டி போடவேண்டும். எம்-சாண்டும் ஈரமானால் உப்பத்தான் செய்யும்.

இந்த இரண்டு பிழையும் ஒரே திசையில் போவதில்லை. குவித்த சட்டி கலவையை ஏழையாக்கும், பலம் குறையும். உப்பிய மணல் கலவையைச் சிமெண்ட் மிகுந்ததாக்கும், பலத்துக்குப் பெரிய ஆபத்தில்லை, உங்கள் காசுக்குத்தான் நட்டம். ஒன்றுக்கு மட்டும் சண்டை போட நேரம் இருந்தால் குவியலுக்குப் போடுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, இப்படிப் பங்கு வைத்துக் கலக்கும் எம் 20-க்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் தண்ணீரை உச்ச வரம்பாகச் சொல்கிறது. பதினைந்து லிட்டர் வாளியில் இரண்டு. கலவை இளகி ஓடினால் வேலை சுலபம் என்பதால் மூன்றாவது வாளி தானாக வந்து சேரும். அதைத் தடுத்து நிறுத்துவதே வீட்டுக்காரரின் முதல் வேலை.

வேலை நடக்கும்போது நிற்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: சாயங்காலம் காலிச் சாக்குகளை எண்ணுவது. ஒன்று, ஒன்றரை, மூன்று கூட்டினால் ஐந்தரைப் பங்கு. ஆனால் ஐந்தரைப் பங்கைக் கலந்தால் ஐந்தரைப் பங்கு கான்கிரீட் கிடைக்காது. ஜல்லியின் சந்துகளில் மணல் போய் உட்கார்ந்துகொள்ளும், மணலின் சந்துகளில் சிமெண்ட். கட்டட வேலையில் இதற்கு 1.54 என்ற எண்ணால் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் எம் 20-க்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் எட்டு மூட்டை, நூறு கன அடிக்குச் சுமார் 23 மூட்டை.

இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலம், ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு தளம். 20 × 15 × 5, அங்குலத்தை அடியாக்கப் பன்னிரண்டால் வகுக்க, 125 கன அடி. நூறுக்கு 23 என்றால் 125-க்கு 28 முக்கால், அதாவது 29 மூட்டை. சாயங்காலம் 28, 29, 30 சாக்கு கிடந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். 22 சாக்குதான் கிடக்கிறதா? அதே தளத்துக்கு ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று கலந்தால் வரும் கணக்கு சரியாக 22 சொச்சம். கலவை எம் 20-லிருந்து எம் 15-க்கு இறங்கியிருக்கிறது. உத்தரம் இருந்தால் அதன் கன அளவைத் தனியாகச் சேர்க்க வேண்டும், கம்பி பிடிக்கும் இடம் பொருட்படுத்தத் தக்கதில்லை. ஓரிரு மூட்டை முன்பின் இருந்தால் அது கைப்பாடு. ஆறேழு மூட்டை குறைந்தால் பணம் கொடுக்கும் முன் பேசவேண்டிய விஷயம்.

அடுத்த யூனிட்டின் விலை

கரண்ட் பில்லில் வகுத்தல் சரியாக இருந்தும் முடிவு தப்பாகப் போகும் ஒரு வகைப் பிழை இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட் 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய்.

சரியாக 500 யூனிட் ஓடினால் 225-ம் 900-ம் 600-ம் சேர்ந்து 1,725 ரூபாய். 500-ஆல் வகுத்தால் யூனிட் மூன்றரை ரூபாய்கூட வரவில்லை. “ஏசி ஒரு மணி நேரம் கூட ஓடினால் என்ன, ஐந்து ரூபாய்தானே” என்று தோன்றும். தப்பு. 400-ஐத் தாண்டியவருக்கு 500 வரை அடுத்த யூனிட் ஒவ்வொன்றும் ஆறு ரூபாய். மூன்றரை என்பது ஓடி முடிந்த யூனிட்களின் சராசரி, இனி ஓடப்போவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா, அணைக்கலாமா என்பதற்கு அடுத்த யூனிட்டின் விலையைத்தான் கேட்கவேண்டும்.

501-க்கு வாருங்கள். 500-ஐத் தாண்டியவருக்கு 2.25 என்ற சலுகைப் படியே கிடையாது, 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.50. ஆக 1,350-ம் 600-ம், 501-வது யூனிட்டுக்கு எட்டும் சேர்ந்து 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். வீட்டில் வாங்கும் பொருள்களில் இவ்வளவு விலை கொடுத்து இவ்வளவு கொஞ்சமாக வேறெதையும் வாங்கமாட்டோம்.

தப்பிக்க வழி நாள் கணக்கு. 500-ஐ அறுபதால் வகுத்தால் நாளுக்கு எட்டேகால் சொச்சம் யூனிட். கணக்கெடுக்க ஆள் வந்துபோன நாளில் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பதாம் நாள் பார்க்கும்போது 360 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு ஒன்பது. இதே போக்கில் 540-இல் போய் நிற்கும். மீதி இருபது நாளுக்கு 140 யூனிட்தான் பாக்கி, நாளுக்கு ஏழு. ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்குவது முடிகிற காரியம். ஐம்பத்தைந்தாம் நாள் விழித்துக்கொண்டால் முடியாது. கட்டணங்கள் அவ்வப்போது மாறுகின்றன. உங்களுக்கு இன்று பொருந்தும் அட்டவணையை வைத்து, எந்த எண்ணில் படி தாவுகிறது என்று ஒரு முறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி ரீசார்ஜும் நாள் கணக்குதான், சுருக்கமாக முடித்துவிடலாம். 28 நாளுக்கு 280 ரூபாய் என்றால் நாளுக்குப் பத்து. மாதச் செலவு 280 என்று நினைத்து வருடத்துக்கு 3,360 ஒதுக்குவோம். வருடத்தில் 28 நாள்கள் பதின்மூன்று முறை வரும், போவது 3,640 ரூபாய். முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டதற்குக் காரணமே இந்தப் பதின்மூன்றாவது ரீசார்ஜ்தான். திட்டங்களை ஒப்பிடும்போது விலையை நாளால் வகுங்கள். ஜி.பி.யால் வகுத்துப் பார்த்து, பாதிகூடத் தீராத டேட்டாவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

மருந்துப் புட்டி

இங்கே காசுப் பிரச்சினை இல்லை. குழந்தைகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் ஒன்றில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்னொன்றில் அதே 5 மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100. எல்லாவற்றையும் ஒரு மில்லிக்கு என்று மாற்றினால் 25, 50, 100. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மூன்று புட்டிகள், ஒன்றைவிட ஒன்று இரட்டிப்பு.

மருத்துவர் 150 மில்லிகிராம் தரச் சொல்லியிருந்தால் முதல் புட்டியில் 6 மில்லி, இரண்டாவதில் 3, மூன்றாவதில் ஒன்றரை. “போன தடவை ஆறு மில்லிதானே கொடுத்தோம்” என்று சொட்டு மருந்தில் ஆறு மில்லி கொடுத்தால் குழந்தைக்குள் போவது 600 மில்லிகிராம், நாலு மடங்கு. மில்லிக் கணக்கு அந்தப் புட்டிக்கு மட்டுமே சொந்தம். மருந்துக் கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால், லேபிளில் 5 மில்லிக்கா, ஒரு மில்லிக்கா என்று படித்துவிட்டு, எத்தனை மில்லி என்பதை மருத்துவரிடமே திரும்பக் கேளுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், புட்டியோடு வரும் அளவு மூடியையோ டிராப்பரையோ பயன்படுத்துங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலும் இப்படித்தான். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், சிறிய பாக்கெட்டுக்கு 200 மில்லி. பெரிய பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சமாக ஒரு டம்ளரில் கலக்கித் தரவேண்டாம். லிட்டராகக் கலக்குங்கள், மிஞ்சியதை மறுநாள் கொட்டிவிடுங்கள்.

தண்டல் கணக்கு

கடைசியாக, வகுக்கும் எண்ணை மறைத்தே நடக்கும் ஒரு தொழில். பூக்கடை, தள்ளுவண்டி, இட்லிக் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாத ஏற்பாடு அல்ல. பத்தாயிரம் கடன். முன்வட்டியாக 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500. தினமும் நூறு ரூபாய், நூறு நாள். “நூற்றுக்குப் பதினைந்துதான்” என்பார்கள்.

பதினைந்து என்பது பத்தாயிரத்தை வைத்துச் சொல்வது. கையில் வந்தது 8,500, அதற்கு 1,500 என்றால் இப்போதே நூற்றுக்குப் பதினேழரை தாண்டிவிட்டது. அடுத்து, அந்த 8,500-ம் நூறு நாளும் உங்களிடம் இருக்கவில்லை. மறுநாளே நூறு போகிறது, ஐம்பதாம் நாள் பாதி போயிருக்கும். சராசரியாக உங்கள் கையில் நின்றது அதில் பாதி, 4,250. அதற்கு 1,500 வட்டி என்றால் நூற்றுக்கு 35. இதுவும் நூறு நாளைக்குத்தான், வருடத்துக்கு மூன்றரை மடங்குக்கு மேல். நுணுக்கிக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூற்றுக்கு 120 சொச்சம் வருகிறது. ‘இரண்டு வட்டி’ என்று ஊரில் சொல்வது மாதம் நூற்றுக்கு இரண்டு, வருடத்துக்கு 24. கடுமையான வட்டிதான், ஆனாலும் தண்டலில் ஐந்தில் ஒரு பங்கு.

கடன் வாங்குவது சில நாள் தவிர்க்க முடியாதது. வாங்கும் முன் மூன்று எண்களைக் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கையில் எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும், எத்தனை நாளில். அதை வைத்து ஆண்டு வட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதே துண்டோடு வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ போய் நகைக்கடன் வட்டியைக் கேளுங்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல்: கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரில் அதீத வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அந்தத் துண்டுத் தாளையும் கட்டிய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்திலோ, திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுக்கலாம்.